கையால் முடித்ததா, மெஷினில் முடித்ததா? கூலியையும் சேர்த்துக் கேட்போம்



மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்தில் துண்டுத்துணிப் போர்வைகளுக்கு ஓடர் கூடும். பிறந்த பிள்ளைக்கு, புதுமணப் பெண்ணுக்கு, வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்கு என்று கேட்பார்கள். தைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே உழைக்கும் ராத்தாமாரும் தங்கச்சிமாரும்தான். போர்வையைக் கையில் எடுத்ததும் பலர் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்வி: "இது கையால தைச்சதா, மெஷின்ல அடிச்சதா?" மெஷின் என்றால் முகம் சுருங்குகிறது. கை என்றால் பாராட்டு கிடைக்கிறது, விலை மட்டும் கூடுவதில்லை. இதைக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும்.

தைக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். போர்வையின் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்த பிறகு நான்கு பக்கமும் பிசிறு நிற்கும். இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டிய பட்டியை இரண்டாக மடித்து அந்த விளிம்பை மூடுவார்கள். பட்டியின் ஒரு பக்கத்தை எப்படியும் மெஷினில்தான் பிடிப்பார்கள். மறுபக்கம் மடித்து முடிப்பதில்தான் கையா மெஷினா என்ற கேள்வி வருகிறது. கையால் என்றால் நூல் வெளியே தெரியாமல் அடித்துணியோடு சேர்த்துக் கோர்க்க வேண்டும். மெஷினில் என்றால் மேலே ஒரு தையல் கோடு தெரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 36 அங்குலம் அகலம், 45 அங்குலம் நீளமான குழந்தைப் போர்வையின் சுற்றளவு 162 அங்குலம். அங்குலத்துக்கு 8 தையல் என்றால் 1296 தடவை ஊசி ஏறி இறங்க வேண்டும். பெரிய கட்டில் போர்வை 90க்கு 100 என்றால் மூவாயிரத்தைத் தாண்டும். நூலும் ஒரு முழத்துக்கு மேல் கோர்த்தால் சிக்கிவிடும், அதனால் முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். பழகிய கைக்கே சின்னப் போர்வையின் ஓரம் இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். அதுவும் பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு விளக்கில். மெஷினில் அரை மணித்தியாலத்தில் முடியக்கூடிய வேலை அது.

"மெஷின் தையல் தரம் குறைவு" என்ற பேச்சிலும் நியாயமில்லை. மெஷினில் மேல்நூலும் பொபின் நூலும் துணிக்குள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. கைத்தையலில் ஓடுவது ஒற்றை நூல். ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். வாரா வாரம் வொஷிங் மெஷினுக்குள் போகும் குழந்தைப் போர்வைக்கு மெஷின் ஓரமே உறுதி. அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் திருப்பத் தெரியாவிட்டால் கோடு கோணலாகி ஊருக்கே தெரியும். சிங்கர் இந்த நாட்டுக்கு வந்தது 1877இல். கால்மெஷினை மிதித்துக் குடும்பத்தைக் கரைசேர்த்த உம்மம்மாமார் எத்தனை பேர்! அந்தத் தையலை மட்டமாகப் பேச நமக்கு வாய் வரக்கூடாது.

அதற்காகக் கைத்தையல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையால் முடித்த ஓரம் மென்மையாக வளையும், இருபுறமும் கோடில்லாமல் சுத்தமாக இருக்கும். கலியாணச் சீருக்கோ, பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் போர்வைக்கோ அது தனி அழகு. பாடசாலையில் பிள்ளைகளுக்கு நாங்களும் ஊசிநூலைக் கொடுத்துத்தான் தொடங்குகிறோம். "கைவேலை அழிகிறதே" என்று கவலைப்படுவோரின் மனதும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கவலை கைவேலையைக் காப்பாற்றாது, கூலிதான் காப்பாற்றும். மூன்று மணித்தியாலம் குனிந்திருந்து தைத்ததற்கு அரை மணித்தியாலக் காசு கிடைத்தால், எந்தத் தாய் தன் மகளுக்கு அதைத் தொழிலாகச் சொல்லிக் கொடுப்பாள்?

ஆகவே வாங்குபவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அன்றாடம் பாவிக்கும் போர்வை என்றால் மெஷின் ஓரத்தை மனமுவந்து வாங்குங்கள். கையால்தான் வேண்டும் என்றால் அந்த மணித்தியாலங்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். வேலை முடிந்த பிறகு "சொந்தக்காரர்தானே" என்று குறைக்காதீர்கள். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக்கூடாது என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குறைப்பதும் அதே கணக்கில்தான் வரும்.

தைக்கும் சகோதரிகளே, நீங்களும் ஓடர் எடுக்கும்போதே இரண்டு விலை சொல்லுங்கள்: மெஷின் ஓரத்துக்கு இவ்வளவு, கை ஓரத்துக்கு இவ்வளவு. வெட்கப்பட ஒன்றுமில்லை. துணிக்கும் நூலுக்கும் கடையில் யாரும் நமக்குச் சும்மா தருவதில்லை. உங்கள் கண்ணும் விரலும் நேரமும் மட்டும் ஏன் இலவசமாக வேண்டும்?

உங்கள் ஊரில் ஓரம் முடிக்க என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். நான்கு பேர் வெளிப்படையாகச் சொன்னால் ஐந்தாவது ஆளுக்கு வாய் திறக்கத் தைரியம் வரும்.

உழைக்கும் கைகளுக்கெல்லாம் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.