அவர்களுக்காகப் பேசுவது யார்?

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. 28 உயிர்கள் பலியாயின. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 'ஏன் கட்டினீர்கள்?' என்று முன்பே கேட்க அவர்களுக்கு எவருமில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. நோயாளி தாமே ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம் என்றும் கூறுகிறது. நியமிக்காதவருக்கு, உறவினரோ பராமரிப்பவரோ இல்லையெனில், மனநல ஆய்வு வாரியம் ஒருவரை நியமிக்கும். அதுவரை, மனநோயாளிகளுக்காகப் பணியாற்றும் பதிவுபெற்ற அமைப்பினர் அப்பொறுப்பை ஏற்கலாம்.

இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டமோ, முடிவெடுக்கும் திறனும் கேட்பாரும் இல்லாதவருக்குப் பெரிய சிகிச்சையோ இடமாற்றமோ வரும்போது, அவருக்காகப் பேசச் சுதந்திரமான ஒருவரை அமர்த்தச் சொல்கிறது. காரணம் எளிது. காப்பகக் கட்டணம் வாங்குபவரே நோயாளியின் குரலாகவும் இருந்தால், நியாயம் எங்கே கிடைக்கும்?

இளைஞர்களே, வணிகப் பெருமக்களே! கடைவாசலில் திரிபவருக்கு ஒரு பொட்டலம் சோறு கொடுக்கிறோம், நல்லதுதான். அவருடைய உரிமையைக் கேட்க ஊருக்கு ஓர் அமைப்பு வேண்டாமா? வணிகர்கள் பொருள் தரட்டும். இளைஞர்கள் நேரம் தரட்டும். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நுழைய வேண்டியது நாம்தான்.