கதிர்வீச்சுக்கு அளவு உண்டு, தரவுக்கு?

புதிய கைபேசிகள் எல்லாவற்றிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ல் தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் கைவிடப்பட்டது. வேவு பார்ப்பது தடுக்கப்பட்டதாகப் பலர் நிம்மதியடைந்தார்கள். அரசின் ஒரு செயலிக்காகக் கொதித்தவர்கள், தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வரும் மற்றவை எதை எங்கே அனுப்புகின்றன என்று ஏன் கேட்கவில்லை?

டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-ல் கேட்டார். கைபேசிக்கும் இணையத்துக்கும் நடுவே வைஃபை இணைப்பில் ஒரு கணினியை வைத்து, மறையாக்கத்தைப் பிரித்துப் படித்தார். யாரும் தொடாமல் கிடந்த ஆண்ட்ராய்டும் ஐபோனும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தங்கள் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பின. ஒரு நாளைக்கு 320 முறை! நீங்கள் தூங்கும் எட்டு மணி நேரத்தில் மட்டும் நூறு முறைக்கு மேல். ஐஎம்இஐ எண், சிம் வரிசை எண், தொலைபேசி எண் எல்லாம் போயின. பகிர வேண்டாம் என்று அமைப்புகளில் மறுத்த பிறகும் போயின. வீட்டு வைஃபை பெட்டியின் மேக் முகவரியைக்கூட இருப்பிடத்தோடு சேர்த்து அனுப்பியது ஐபோன்.

இப்போது உங்கள் கைபேசியில் *#07# என்று அழுத்திப் பாருங்கள். உடல் ஈர்த்துக்கொள்ளும் கதிர்வீச்சின் அளவு திரையில் வரும். கிலோவுக்கு 1.6 வாட் என்ற உச்சவரம்பு 2012 செப்டம்பர் முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. கைபேசியிலிருந்து வெளியேறும் அலையை அளக்க ஆய்வகம் உண்டு, வரம்பு உண்டு. அதே அலையில் ஏறிப் போகும் நம் விவரங்களை அளக்க எதுவும் இல்லை. காய்கறிக் கடைத் தராசுக்குக்கூட முத்திரை கேட்கும் நாடு இது.

ஸ்மார்ட்போன் இப்படித்தான் இயங்கும் என்பது லீத்தின் ஆய்வுக்குக் கூகுள் தந்த விளக்கம். அது விளக்கமே அல்ல, திமிர். 'மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம்' என்பவர்கள் தங்கள் கைபேசியைத் திறந்து மேசை மேல் வைத்துவிட்டுப் பேசட்டும்.

2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. ஒப்புதல் பற்றிய முக்கியப் பிரிவுகளுக்கு மேலும் 18 மாத அவகாசம். அளக்கவே ஆளில்லாதபோது, ஒப்புதலை மீறியது யார் என்று எதை வைத்துப் பிடிப்பார்கள்? லீத் செய்த சோதனையை நம் ஐஐடிகளில் எதிலும் செய்யலாம். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலையும் அப்படிச் சோதித்து, முடிவைப் பெட்டியின் மேல் தமிழிலும் அச்சிட வேண்டும். அச்சிடாத கைபேசியை 2027 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் விற்க விடக் கூடாது.