வெடிக்காத தோட்டாவும் காட்டுப்பன்னியும்

காட்டுப்பன்னின்னு பேச்செடுத்தாலே பட்டணத்துச் சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொல்லுதாவ. "ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிள் வாங்கி ரெண்டைச் சுட்டா மிச்சம் தன்னால ஓடாதா?" அவ்வளவு லேசு இல்லை மக்கா. விசையை அழுத்தினதும் தோட்டா வெடிச்சா அது ஒரு கதை. வெடிக்கலைன்னா வேற கதை. அந்த ரெண்டாவது கதை தெரியாதவன் கையில துப்பாக்கி இருக்கக்கூடாதுங்கதுதான் என் கட்சி.

பள்ளிக்கூட என்.சி.சி.-யில சுட்டவங்களுக்கு .22 தோட்டாவைத் தெரியும். பெரிய தோட்டாக்கள்ல தீப்பத்த வைக்கிற மருந்து அடிப்பக்கத்து நடுவுல தனியா இருக்கும். .22-ல அப்படி இல்லை. விளிம்பு மடிப்புக்குள்ளேயே மருந்து. துப்பாக்கி ஊசி அந்த விளிம்பை நசுக்கினாத்தான் தீப்பிடிக்கும். செய்யும்போது மருந்தை ஈரமாப் போட்டுச் சுழற்றி விளிம்பு முழுக்கப் பரத்துவாங்க. ஒரு ஓரத்துல மருந்து ஒட்டாம விட்டுப்போய், ஊசி சரியா அங்க அடிச்சா 'டிக்'குன்னு ஒரு சத்தம். அதோட சரி.

அந்த 'டிக்' கேட்டதும் மனுஷனுக்கு வார முதல் புத்தி, துப்பாக்கியைத் திருப்பிப் பாக்கதுதான். ஆளைக் கொல்லுறதும் அந்தப் புத்திதான். உள்ளே மருந்து மெதுவாப் பத்திக்கிட்டு இருக்கலாம், கொஞ்சம் தாமதமா வெடிக்கலாம். குழலை இலக்குப் பக்கமே வச்சுக்கிட்டு, விசையில இருந்து விரலை எடுத்துட்டு, குறைஞ்சது 30 விநாடி பொறுக்கணும். அப்புறந்தான் தோட்டாவை வெளியே எடுக்கணும். இன்னொண்ணு, 'டப்'புன்னு சோப்ளாங்கிச் சத்தம் வந்தா குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி இருக்கலாம். அதைப் பாக்காம அடுத்ததைச் சுட்டா குழலே வெடிச்சிரும்.

எடுத்த தோட்டாவைப் பாத்தாலே பாதி விஷயம் தெரியும். விளிம்புல ஊசித் தடம் நல்லா ஆழமா விழுந்தும் வெடிக்கலைன்னா குத்தம் தோட்டாவுல. வேற பெட்டித் தோட்டா போட்டுப் பாத்தா தெளிஞ்சிரும். தடம் லேசா இருந்தா குத்தம் துப்பாக்கியில. ஊசி தேஞ்சிருக்கும், இல்லை சுருள்வில் தளர்ந்திருக்கும், இல்லை அழுக்கு. தோட்டா இல்லாம சும்மா சும்மா விசையை அழுத்தி விளையாடினாலும் சில துப்பாக்கியில ஊசி மழுங்கும்.

செமி ஆட்டோமேட்டிக்ல அழுக்குதான் பெரிய வில்லன். ஒரு தோட்டா வெடிச்ச வேகத்துலயே காலிக்கூடு வெளியே வந்து அடுத்த தோட்டா உள்ளே போகும். .22 குண்டு ஈயம், மேல மெழுகு. சுடச் சுட கரியும் மெழுகும் அறைக்குள்ள படியும். தோட்டா முழுசா உள்ளே போகாது, போல்ட்டும் கடைசி ஒரு நூலு மூடாது. ஊசி அடிக்கிற அடி தோட்டாவை உள்ளே தள்ளுறதுலயே செலவாயிரும், விளிம்பு நசுங்காது. சுத்தமாத் துடைச்சாலே பல கேஸு சரியாயிரும். அதுக்கும் மேல உள்ளதை லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்தான் பாக்கணும். பம்புசெட் மெக்கானிக் பாக்கக்கூடாது.

இவ்வளவும் சரியா வெடிச்சாலும் .22 பன்னிக்கு ஆகாது. அணில், முயல் அளவுக்குள்ள குண்டு அது. பன்னிக்குத் தோளுல தோலும் கொழுப்பும் கனம். காயம்பட்ட பன்னி மரச்சீனி விளைக்குள்ள படுத்துக் கிடந்தா, விடியக்காலம் தண்ணி திருப்பப் போறவன் கதி என்ன? குறி தப்பின குண்டு ஒண்ணரை கிலோமீட்டர் வரை போகும். எங்க பக்கம் ஒண்ணரை கிலோமீட்டர்ல ரெண்டு ஊரு, ஒரு கோயில், ஒரு குருசடி இருக்கும்.

பன்னித் தொல்லை பொய்யின்னு சொல்ல வரலை. கும்பப்பூ கதிர் பால்பிடிக்கிற நேரம் ஒரு கூட்டம் இறங்கினா ஒரு ராத்திரியில வயலு பாயாயிரும். தின்னது கால்வாசி, மிதிச்சது முக்கால்வாசி. வயித்தெரிச்சல்ல சிலபேர் கம்பியில கரண்ட் விடுதான், சிலபேர் அவுட்டுக்காய் வைக்கான். 2020-ல கேரளத்துல பாலக்காடு பக்கம் வெடியைக் கடிச்சு வாய் சிதறின கர்ப்பிணி யானை தண்ணிக்குள்ள நின்னே செத்ததை நாடே பாத்துது. கரண்ட் கம்பிக்குப் பன்னி, மனுஷன் வித்தியாசமும் தெரியாது.

களியக்காவிளை தாண்டினா கேரளம். அங்க 2022-ல இருந்து பஞ்சாயத்துத் தலைவரே, லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவங்களை வச்சுப் பன்னியைச் சுட அனுமதி கொடுக்கலாம். நம்ம அரசு 2025 ஜனவரியில வேற வழி சொல்லிச்சு. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடிச்சுக் காட்டுல விடணும், 3-க்கு மேல போனா வனத்துறைக்காரங்க சுடலாம்.

சுடுறது பழகின கையா இருக்கணுங்கது சரியான முடிவு. ஆனா கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறைப் பக்கம் வயலும் விளையும் காட்டைத் தொட்டுக்கிட்டுல்லா கிடக்கு! அவங்களுக்கு 3 கிலோமீட்டர் கணக்கால ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்க கூண்டும், சூரியமின் வேலிக்கு மானியமும், அடுத்த பூவு நடுறதுக்குள்ள கையில வார நஷ்டஈடும்தான் வேணும்.

பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கின பழைய துப்பாக்கி வச்சிருக்கவங்க இன்னும் இருக்காவ. தேர்தல் வந்தா அதை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. ரெண்டு பருவமழையும் பெய்யுற ஊரு இது, கதவுப் பூட்டே துருப்பிடிக்கும். வாரக்கணக்குல சும்மா கிடந்த துப்பாக்கியை வாங்கி நேரே தோளுல மாட்டிக்கிட்டுப் போறது ஆபத்து. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு ஆர்மரர் பாத்துக் கொடுக்கணும். வருசத்துக்கு ஒருநாளாவது இவங்களைக் கூப்பிட்டு, வெடிக்காத தோட்டாவை எப்படிக் கையாளணும்னு செஞ்சு காட்டணும். அரசாங்கத்துக்கு இது பெரிய செலவு இல்லை.

அதனால அடுத்த தடவை யாராவது "துப்பாக்கி வாங்க வேண்டியதுதானே"ன்னு சொன்னா, 'டிக்'குன்னு நின்னு போனா என்ன செய்வேன்னு கேளுங்க. பதில் தெரிஞ்சவன் மேற்கொண்டு பேசட்டும். தெரியாதவன் எங்களுக்கு வேலியும் நஷ்டஈடும் வேணும்னு எங்ககூடச் சேந்து கேட்டாப் போதும்.