டோப்பாத் தலையும் வெள்ளை மாளிகையும்

செம்பட்டை நிற டோப்பா ஒன்று. குரலை மாற்றிக் காட்டும் கருவி ஒன்று. பொய்ப் பெயரில் அடையாளச் சீட்டுகள் சில. நாடகக் கொட்டகையின் ஒப்பனை அறையில் கிடக்க வேண்டிய இந்தச் சாமான்கள், அமெரிக்க நாட்டின் வெள்ளை மாளிகையில் சம்பளம் வாங்கிய ஒருவரிடம் இருந்தன! கொடுத்தது சி.ஐ.ஏ. என்னும் மத்திய உளவு நிறுவனம். பெற்றுக்கொண்டவர், அந்நிறுவனத்திலேயே இருபதாண்டுக்கு மேல் ஊழியம் செய்து 1970இல் ஓய்வு பெற்ற எவரெட் ஹோவர்ட் ஹண்ட்.

வாட்டர்கேட் என்றதும் நிக்சன் பெயர் நினைவிற்கு வரும். நிக்சனின் கதை பலராலும் பேசப்பட்ட கதை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அந்த ஏவலாளின் கதையை. ஏன் எனில், ஏவியவன் வீழ்ந்தால் ஏவல் முறையும் வீழ்ந்துவிட்டதாக ஊர் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையைத்தான் உடைத்தாக வேண்டும்.

"நல்ல நிறுவனத்தில் முளைத்த நச்சுச் செடி அவர். ஒருவர் கெட்டால் துறையே கெட்டதாகுமா?" என்று வாதிடுகிறார்கள் கனவான்கள். கேட்க இனிமையான வாதம்! ஆனால் அந்தச் செடிக்கு நீர் ஊற்றியவர் யார்? எந்தத் தோட்டத்தில் அது இருபதாண்டு வளர்ந்தது?

குவாதமாலாவுக்குப் போவோம். வாக்குப் பெற்று 1951இல் ஆட்சி ஏற்றார் ஜேகபோ அர்பென்ஸ். 1952 ஜூன் 17ஆம் நாள் 900ஆம் எண் ஆணை பிறந்தது: பெரும் பண்ணைகளில் உழாமல் கிடக்கும் நிலம் உழவனுக்கு. பறிமுதல் அல்ல, நட்டஈடு உண்டு. எவ்வளவு? வரி கட்டுவதற்காக நிலச் சொந்தக்காரர் தாமே எழுதிக் கொடுத்த மதிப்பு எதுவோ, அவ்வளவு! அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியான யுனைடெட் ஃபுரூட், வரிக் கணக்கில் காட்டிய மதிப்பின்படி பெற வேண்டியது ஏறத்தாழ 6 லட்சம் டாலர். கம்பெனிக்காக அமெரிக்க அரசு கேட்டதோ 158 லட்சம் டாலர்! வரி கட்டும்போது வாடிய வயல், விலை கேட்கும்போது பொன் விளையும் பூமியாயிற்று.

அப்போது அமெரிக்க வெளிநாட்டு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். சி.ஐ.ஏ. தலைவர் அவர் தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்பு பணியாற்றிய வழக்கறிஞர் நிறுவனம் அதே வாழைக் கம்பெனிக்கு வாதாடிய நிறுவனம். பிறகென்ன? அர்பென்ஸ் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் தீட்டப்பட்டது. பிரசாரத்தையும் அரசியல் வேலையையும் கவனிக்க அமர்த்தப்பட்டவர் ஹண்ட். நாவலாசிரியர் அவர். நாற்பதுக்கு மேற்பட்ட கதைப் புத்தகங்கள் எழுதியவர். கற்பனைக்குப் பஞ்சமில்லை!

1954 மே மாதம் 'விடுதலைக் குரல்' என்றொரு வானொலி முழங்கத் தொடங்கியது. குவாதமாலாக் காட்டுக்குள்ளிருந்து புரட்சிக்காரர் பேசுவதாக அறிவிப்பு. உண்மையில் நிகழ்ச்சிகள் பதிவானது மயாமி நகரில். வானொலியின் குரலுக்குத் துணையாக ஆண்டவனின் குரலும் வந்தது. அதற்கு முந்திய மாதமே பேராயர் மரியானோ ரோசெல், பொதுவுடைமைக்கு எதிராக மக்கள் எழ வேண்டும் என ஆயர் மடல் விடுத்தார். மாதா கோயில்களில் அது படிக்கப்பட்டது. நிலம் பெற்றவன் காதில், நிலம் கொடுத்தவன் சாத்தான் என்று ஓதினார்கள். உழவனுக்கு ஏர் முனையில் கிடைத்ததை வேதத்தின் பெயரால் பிடுங்கும் வித்தை எல்லாக் கண்டங்களுக்கும் பொது என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லை தாண்டி வந்த காஸ்தியோ ஆர்மாஸின் படையில் 500 பேர்கூட இல்லை. வானொலியில் அது பெருஞ்சேனை. ஜூன் 27ஆம் நாள் அர்பென்ஸ் பதவி துறந்தார். நாட்டை விட்டுப் புறப்பட்டவரை விமான நிலையத்தில் ஆடை களைந்து சோதித்து, படமும் பிடித்தனர். புதிய ஆட்சி முதற்கண் செய்தது என்ன? கொடுத்த நிலத்தைத் திரும்பப் பிடுங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்கில்லை என்றது. 1960இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1996 வரை நீடித்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 2 லட்சத்துக்கு மேல் என 1999இல் விசாரணைக் குழு கணக்கிட்டது.

இத்தனைக்கும் காரணமான குழுவில் இருந்த ஹண்ட் மீது எந்த நீதிமன்றம் வழக்குத் தொடுத்தது? வழக்கா! பதவி உயர்வு கிடைத்தது. உருகுவே நாட்டின் மாண்டிவிடியோவில் உளவுத் தலைவராக அமர்ந்தார். 1957இல் அகதியாக அர்பென்ஸ் வந்து சேர்ந்ததும் அதே ஊருக்கு! வேட்டை முடிந்த பிறகும் வேடன் வாசலிலேயே மான் குடியிருக்க நேர்ந்த கொடுமை.

கியூபாவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1961 ஏப்ரலில் பன்றிகள் விரிகுடாவில் ஏறத்தாழ 1,400 கியூப நாடுகடந்தோரை இறக்கிவிட்டு, மூன்று நாளில் தோற்றார்கள். அந்த முயற்சியில் ஹண்டுக்கு 'எட்வர்டோ' என்று பெயர். தோற்றவர்கள் எட்வர்டோவை மறக்கவில்லை. பக்தன் வரம் கிடைக்காததற்காகச் சாமியை மாற்றுகிறானா?

1971 ஜூனில் வியட்நாம் போரின் இரகசிய ஏடுகளை வெளியிட்டார் டேனியல் எல்ஸ்பெர்க். நிக்சன் ஆட்சி துடித்தது. வெள்ளை மாளிகையில் 'குழாய் செப்பனிடுவோர்' என்ற பட்டப்பெயருடன் ஒரு கூட்டம் அமைந்தது. அதில் ஹண்ட் சேர்ந்தார். செப்டம்பர் 3ஆம் நாள், எல்ஸ்பெர்க்குக்கு மனநோய் மருத்துவம் செய்த மருத்துவரின் அறை உடைக்கப்பட்டது. உடைத்தவர்கள் எட்வர்டோவின் கியூபத் தோழர்கள். பயனுள்ள தாள் எதுவும் கிட்டாமற்போகவே, மருந்து திருட வந்தவன் வேலையென்று தோன்றும்படி மாத்திரைகளை இறைத்துவிட்டுப் போனார்கள்.

இன்னொரு கைவேலையும் உண்டு. 1963இல் தென் வியட்நாம் தலைவர் தியெம் கொலையுண்டதற்குக் கென்னடியே உடந்தை எனக் காட்ட, ஹண்ட் சவரத் தகட்டால் பழைய தந்திகளை வெட்டி ஒட்டிப் பொய்த் தந்திகளைத் தயாரித்தார். மயாமியிலிருந்து காட்டுக் குரல் எழுப்பியவருக்கு இது பெரிய வேலையா? குவாதமாலாவில் பழகிய கை வாஷிங்டனில் கூசவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. தொழில் ஒன்றே, இடம்தான் மாறியது.

1972 ஜூன் 17. வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஐவர் பிடிபட்டனர். அவர்களிடமிருந்த முகவரிக் குறிப்பில் ஹண்டின் பெயர், பக்கத்தில் வெள்ளை மாளிகையைச் சுட்டும் எழுத்து! ஆயிரம் முன்னெச்சரிக்கை பழகிய வேவுக்காரரின் அலங்கோலம் இது.

ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்கச் சொன்னார். வாஷிங்டனில் நடந்தது என்ன? ஹண்டின் இரும்புப் பெட்டியில் இருந்த பொய்த் தந்திகள், குற்றம் துப்பறியும் எஃப்.பி.ஐ. துறையின் தற்காலிகத் தலைவர் பேட்ரிக் கிரேயிடம் கொடுக்கப்பட்டன. துப்பறிய வேண்டியவர் அவற்றைக் கிறிஸ்துமஸ் குப்பையோடு கொளுத்திவிட்டார்! ஜூன் 23ஆம் நாளன்றே நிக்சன், ஹண்டைத் தோண்டினால் பழைய கியூபச் சங்கதிகள் வெளிவரும் எனச் சொல்லி, சி.ஐ.ஏ.வைக் கொண்டு எஃப்.பி.ஐ.யின் விசாரணையை நிறுத்த வழி சொல்லியிருந்தார். கருவறைக்கு முன் திரை தொங்குகிறதல்லவா? உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவன் நாத்திகன். அதேபோல 'தேசப் பாதுகாப்பு' என்ற திரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவன் துரோகி. திரையை இழுத்தது நீதிமன்றம். 1974 ஆகஸ்ட் 5இல் அந்த ஒலிநாடா வெளியாயிற்று. நான்கே நாளில் நிக்சன் பதவி இழந்தார்.

இடையில் வாய்க்குப் பூட்டுப்போடும் பணம் ஓடியது. பணத்தைப் பிரித்துக் கொடுத்து வந்த ஹண்டின் துணைவியார், 1972 டிசம்பரில் சிகாகோ விமான விபத்தில் மாண்டார். அவரிடம் 10,000 டலர் ரொக்கம் இருந்தது. நால்வர் பிள்ளைகள். அந்தத் துயரத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் 1973 மார்ச்சில் அதே மனிதர் சுமார் 120,000 டாலர் கேட்டு வெள்ளை மாளிகையை நெருக்கியதையும் மறைக்க மாட்டோம். 21ஆம் நாள் இரவே 75,000 டாலர் வந்து சேர்ந்தது. நாட்டுக்காகவே எல்லாம் செய்தேன் என்றவரின் நாட்டுப் பற்றுக்கு விலைச்சீட்டு இருந்தது.

'நம் இயக்கத்துக்கு இதனால் என்ன பாடம்? நாம் வேவு பார்ப்பவர்களா?' என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். தலைவர் சொன்னார், செய்தேன் என்று பெருமையோடு சொல்லும் தோழர்கள் நம்மிடையே இல்லையா? ஏன் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த மேடையிலேயே, கேட்டவனைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இல்லையா? எட்வர்டோவின் சொல்லுக்காகப் பூட்டுடைத்த கியூபர்களும் தங்களைத் தியாகிகளென்றே எண்ணினார்கள். கடவுளிடம் கேட்ட கேள்வியைக் கட்சியிடமும் கேட்காதவன் பாதிப் பகுத்தறிவாளன்.

கணக்கைப் பார்ப்போம். ஹண்டுக்கு முதலில் 35 ஆண்டு எனத் தற்காலிகத் தண்டனை; சிறையில் இருந்தது 33 மாதம். 2007இல் மயாமியில் இறந்தார். நிக்சனுக்கு ஒரு நாள்கூட இல்லை; பதவியில் அமர்ந்த ஒரு மாதத்துக்குள் ஃபோர்டு மன்னிப்பு அளித்துவிட்டார்.

வாட்டர்கேட் கதவில் ஒட்டியிருந்த பசைநாடாவைக் கண்டு, காவலரை அழைத்தவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயதுக் கறுப்பர். வாரம் 80 டாலர் கூலிக்குக் காவல் காத்தவர். அந்த ஒரு நாடாவைக் காணாமல் விட்டிருந்தால் நிக்சன் தம் காலம் முழுவதும் ஆண்டிருப்பார். பின்னாளில் வில்ஸ் நிலையான வேலையின்றி அலைந்தார். 2000இல் வறுமையில் இறந்தார். 1983ஆம் ஆண்டு, ஒரு ஜோடி காலணி திருட முயன்றதாக அவருக்கு ஓராண்டுச் சிறை. அதே 1983இல், வாட்டர்கேட்டில் பூட்டுடைத்துப் பிடிபட்ட ஐவரில் ஒருவரும், முன்னாள் சி.ஐ.ஏ. ஊழியருமான யூஜெனியோ மார்ட்டினெஸுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் மன்னிப்பு வழங்கினார்.