நின்று பேசுவோம்

ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலைதோறும் காணும் காட்சி இது. பேரன் ஏதோ கேட்கிறான்; விடை சொல்ல முற்பட்ட பெரியவரின் கால்கள் நின்றுவிடுகின்றன. "நடந்துட்டே சொல்லுங்க, அப்பாரு" என்கிறான் பேரன். அவ்வாறு அவசரப்படுத்துவது தவறு என்பதே எங்கள் கருத்து.

இளமையில் நடை பெரும்பாலும் தானாகவே இயங்குகிறது. முதுமையில் பார்வையும் பாத உணர்வும் தசை வலுவும் குறையக் குறைய, ஒவ்வோர் அடிக்கும் மூளையின் கவனம் தேவைப்படுகிறது. பேச்சு அதைப் பங்கிட்டுக்கொண்டால் நடை தடுமாறும். பார்க்கின்சன் நோய், மறதி நோய் உடையோரிடம் இது மிகும்.

சுவீடன் ஆய்வாளர்கள் 1997-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், முதியோர் 58 பேருள் 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினர். அடுத்த ஆறு மாதங்களில் அவர்களுள் 10 பேர் விழுந்தனர்.

ஆகவே, நிற்பது சோம்பல் அன்று, எச்சரிக்கை. இவ்வழக்கம் புதிதாகத் தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். அஞ்சி நடையையே நிறுத்திவிடாதீர்கள். தசைகள் மேலும் மெலியும். நடந்துகொண்டே எண்ணும் பயிற்சியை இயன்முறை மருத்துவரின் துணையோடு செய்யலாம். காந்திபுரம் பேருந்து நிலையமாயினும் மருதமலைப் படிகளாயினும், கைப்பேசி ஒலித்தால் ஓரமாக நின்று பேசுங்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெரியவர்களை நடத்திச் சென்றபடியே நோய் விவரம் கேட்கும் பழக்கம் எங்களிடமும் உண்டு. முதலில் திருந்த வேண்டியவர்கள் நாங்களே.