பெயரில்லாத காட்டுவாசி

படிவம் நான்கில் படித்தபோது இளையோருக்கான கதைப் போட்டி ஒன்றுக்காக நான் ஒரு கதை எழுதினேன். இராசேந்திர சோழனின் கப்பலில் ஒளிந்து ஏறிய பன்னிரண்டு வயதுப் பையன் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் கரை ஒதுங்குகிறான். பாம்பு கடித்துக் கிடக்கும் அவனைக் காட்டுவாசிகள் தூக்கிச் செல்கிறார்கள். இலைக் கிரீடம் அணிந்த கிழவன் ஒருவன் ஏதோ முணுமுணுக்கிறான். மூலிகையிலிருந்து நீலப் புகை எழுகிறது, பையன் பிழைத்துக்கொள்கிறான். உடனே கிழவன் அவன் முன் மண்டியிட்டு, காட்டின் இரகசிய மணியை அவன் கையில் ஒப்படைக்கிறான். கதைக்குப் பரிசும் கிடைத்தது. பல நாள் நான் தரையில் நடக்கவில்லை!

சென்ற ஆண்டு விடுமுறையில், ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் தம்பி அந்தப் பழைய நோட்டை எடுத்துப் படித்தான். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அக்கா, கப்பல்ல வந்தவங்க எல்லாருக்கும் பேர் வச்சிருக்கீங்க. சமையல்காரருக்குக்கூட பேர் இருக்கு. காட்டுல இருக்கறவங்களுக்கு மட்டும் ஏன் பேரே இல்ல?"

என்னிடம் பதில் இல்லை. போட்டி நடுவர்களும் ஆசிரியர்களும் வாசித்த நண்பர்களும் கேட்காத கேள்வியைப் பதினோரு வயதுப் பிள்ளை கேட்டுவிட்டான். அக்கேள்விக்குப் பதில் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கடாரக் கதைகள் மீது நமக்குள்ள மோகம் இயல்பானதே. வானம் தெளிந்த நாளில் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் குனோங் ஜெராய் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கடற்படை வென்ற ஊர்களின் பட்டியலில் கடாரமும் உண்டு. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' தொடங்கி எத்தனையோ எழுத்துகள் அந்த வெற்றியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தன. தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள் என்றே பிறர் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் இங்கே வந்தோம்' என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2013-இல் பூஜாங்கின் 11-ஆம் எண் சண்டித் தளம் நில மேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டபோது நம் சமூகம் கொதித்தெழுந்ததும் அந்த உணர்வினால்தான். அந்த உணர்வை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அது உண்டு.

ஆனால் கப்பல் கரை சேர்ந்தபோது கரையில் யார் நின்றார்கள்?

அது வெற்று நிலமன்று. செபெராங் பிறையின் குவார் கெப்பாவில் 2017-இல் கிடைத்த பெண்ணின் எலும்புக்கூட்டை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 'பினாங்குப் பெண்' என்று இன்று நாம் அழைக்கும் அவள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவள். சோழன் வருமுன்பே இங்கே மனிதர் சிப்பி பொறுக்கித் தின்று, இறந்தோரை முறையாக அடக்கம் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. கடாரத் துறைமுகத்தைத் தேடி வணிகர் வந்ததற்குக் காட்டுப்பொருள்களும் ஒரு காரணம். அகில், குங்கிலியம், பிரம்பு ஆகியவை தாமாக நடந்து துறைமுகத்துக்கு வந்துவிடவில்லை. எந்த மரத்தின் வயிற்றில் அகில் விளைந்திருக்கிறது என்று கண்டறியத் தெரிந்த காட்டு மக்களே அவற்றைக் கொண்டுவந்தார்கள்.

நம் பூசைத்தட்டில் எரியும் கற்பூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கடையில் வாங்குவது தொழிற்சாலைச் சரக்கு. முன்னாளில் சுமத்ரா, போர்னியோ, தீபகற்பக் காடுகளின் மரங்களிலிருந்து உயர்ந்த கற்பூரம் எடுக்கப்பட்டது. ஜொகூரின் ஜாக்குன் மக்கள் கற்பூரம் தேடிப் போகும் நாள்களில் அன்றாடப் பேச்சை விலக்கி, அதற்கென்றே உள்ள தனிச்சொற்களைப் பேசினார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. என் கதையில் வந்த கிழவனோ வெறுமனே 'முணுமுணுத்தான்'. அவன் பேசுவது ஒரு மொழி என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அந்த மக்களின் வழித்தோன்றல்கள் எங்கோ மறைந்து போனவர்களும் அல்லர். தீபகற்ப மலேசியாவில் ஓராங் அஸ்லி மக்கள் சுமார் 2 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். நெகிரிட்டோ, செனோய், புரோட்டோ மலாய் என மூன்று பெரும் பிரிவுகளும் அவற்றுள் 18 இனக்குழுக்களும் உள்ளன. நம் பக்கத்து மாநிலமான கெடாவில், பாலிங் வட்டாரத்தில் கென்சியு மக்கள் இருக்கிறார்கள். சில நூறு பேரே பேசும் அவர்கள் மொழி மலாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாலிங்கில் நம் உறவினர் பலர் இருக்கிறார்கள். தீபாவளிக்குப் போய் வருகிறோம். கென்சியு என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கப்பலில் வந்தவன் கதை எழுதினால் கரையில் இருந்தவன் ஒன்று அரக்கனாவான், இல்லையேல் அடிமையாவான். இது நமக்கு மட்டுமே உரிய குற்றமன்று. கெடாவின் தோற்றத்தைச் சொல்லும் 'ஹிக்காயத் மெரோங் மகாவங்சா'வில், மெரோங் மகாவங்சா வந்திறங்கிய நிலத்தில் 'கெர்காசி' எனும் பூதவுடல் கொண்ட அரக்கர்கள் வாழ்ந்ததாக வருகிறது. அக்கதையை நான் முதலில் படித்தபோது அரக்கர்களைக் கண்டு சிரித்தேன். இப்போது படித்தால், அங்கே முன்பே குடியிருந்த மனிதர்களுக்குக் கதை கொடுத்த முகமூடியோ அது என்று ஐயுறத் தோன்றுகிறது.

நண்பர்களே, பிறர் எழுதிய கதையில் நாம் எப்படித் தோன்றுகிறோம் என்ற வலி நமக்குப் புதிதா? 'இந்தர்லோக்' நாவலை மறந்துவிட்டோமா? 1971-இல் நூலாக வெளிவந்த அப்துல்லா ஹுசேனின் அந்நாவல், 2011-இல் சில மாநிலங்களில் படிவம் ஐந்து மாணவர்களுக்குப் பாடநூலானது. நம்மவரைச் சாதி இழிசொல்லால் குறித்த வரிகளைக் கண்டு சமூகம் எதிர்த்தது. அவ்வாண்டு இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்படும் என அறிவிக்கப்பட்டது. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் சிறு பிள்ளை. பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, நாற்பது பேர் வகுப்பில் மூன்று தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தியாக அமர்ந்தபோதுதான் அந்தக் கோபத்தின் பொருள் எனக்கு விளங்கியது. பாடநூலில் நம்மைப் பற்றிய ஒரு வரி வந்தால் வகுப்பே திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அந்நாவலாசிரியரின் நோக்கம் இன ஒற்றுமை என்றே அவர் தரப்பினர் வாதாடினார்கள். நல்ல நோக்கம் போதாது என்று நாம் பதில் சொன்னோம். அந்தப் பதிலை நம் கதைகளுக்கும் பொருத்திப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டாமா? என் கதையை ஓராங் அஸ்லி மாணவி ஒருத்தி மொழிபெயர்ப்பில் வாசித்தால், மண்டியிடும் அந்தக் கிழவனைக் கண்டு அவள் முகம் எப்படி மாறும்?

இங்கே ஒரு மறுப்பு எழும். 'இது மாயக்கதைதானே? பறக்கும் குதிரையும் பேசும் பாம்பும் வரும் இடத்தில் மானிடவியல் பாடம் எதற்கு? தமிழில் இளையோருக்கு எழுதுவோரே சிலர்தாம். அவர்கள் கையையும் கட்டுவதா?' இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. நாம் எழுதாவிட்டால் நம் பிள்ளைகள் ஹாரி போட்டரோடு நின்றுவிடுவார்கள் என்பதும் உண்மையே.

ஆனால் அந்த ஹாரி போட்டர் ஆசிரியரே இதில் இடறினார். 2016-இல் ரௌலிங் வட அமெரிக்க மாய உலகின் வரலாறு என்று சில பகுதிகளை வெளியிட்டபோது, நவஹோ மக்களின் நம்பிக்கையைத் தம் மந்திரவாதிகளின் கதைக்குள் இழுத்துப் போட்டார். அமெரிக்கப் பூர்வகுடி அறிஞர்கள் கண்டித்தார்கள். பல இனங்களை ஒன்றாகக் கலக்கியதும், உயிருள்ள நம்பிக்கையைக் கற்பனைச் சரக்காக்கியதுமே அவர்களின் குறை. பறக்கும் குதிரை யாருக்கும் பாட்டனன்று. அதை எப்படி வேண்டுமானாலும் பறக்க விடலாம். பூலாவ் கேரியின் மா மெரி மக்கள் செதுக்கும் முகமூடிகளோ அவர்களின் 'மோயாங்', அதாவது மூதாதை ஆவிகளின் உருவங்கள். அதை வில்லனின் முகத்தில் மாட்டுமுன் ஒருகணம் நிற்க வேண்டும். நம் குலதெய்வத்தின் அரிவாளை யாரோ ஒருவர் கார்ட்டூன் பூதத்தின் கையில் கொடுத்தால் நாம் வாளாவிருப்போமா?

இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் பிள்ளை ஒருவனுக்கு ஓராங் அஸ்லி மக்களைப் பற்றித் தமிழில் கிடைக்கும் முதல் கதை நம்முடையதாகவே இருக்கக்கூடும். தவறைத் திருத்த அடுத்த புத்தகம் அவன் கைக்கு வராமலே போகலாம். ஆகவே நம் பொறுப்பு பெரிது.

அப்படியானால் என்ன செய்யலாம்? எனக்கு எட்டிய நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, 'காட்டுவாசி', 'ஆதிவாசி' என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதை விடுவோம். கென்சியு வேறு, தெமியார் வேறு, செமாய் வேறு. அடிமை என்ற பொருள் தோன்ற முன்பு வழங்கிய 'சாக்காய்' என்ற சொல்லை, கதையில் கொடியவன் வாயிலும் யோசித்தே வைக்க வேண்டும்.

இரண்டாவது, அவர்களைக் கதாநாயகனுக்கு மூலிகை கொடுக்க மட்டுமே படைக்காதிருப்போம். அவர்களுக்கும் பசி, கோபம், நகைச்சுவை, கணக்குவழக்கு எல்லாம் இருக்கும். 'முடியாது' என்று சொல்லும் உரிமையும் இருக்கட்டும்.

மூன்றாவது, அவர்களே எழுதியதை முதலில் படிப்போம். செமாய் எழுத்தாளர் அக்கியா 2007-இல் 'பெராங் சங்கில்' என்ற மலாய் நாவலை வெளியிட்டார். ஓராங் அஸ்லி மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்ற கொடுமை அதன் களம். தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்த நமக்கு மலாய் வாசிக்கத் தெரியும். அந்த மொழி தேர்வுக்கு மட்டுமா?

நான்காவது, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதிருப்போம். இன்றைய கென்சியு மக்களை அப்படியே தூக்கி 1025-இல் வைத்துவிட முடியாது. ஆயிரம் ஆண்டுகளில் நாம் மாறியதுபோல் அவர்களும் மாறியிருப்பார்கள். விலங்குகளைக் கேலி செய்தால் இடி இடித்துப் புயல் வரும் என்ற நம்பிக்கை இம்மண்ணின் பல பூர்வகுடிகளிடம் உண்டு. அதைக் கதையில் சேர்த்தால், சிரிக்க வைக்கும் மூடத்தனமாகக் காட்டாமல், காட்டில் வாழ்வதற்கான ஒழுக்கமாகக் காட்டலாம். சடங்குகளின் உள்விவரத்தை, கேட்டு அனுமதி பெறாமல் தொடாதிருப்பதே நல்லது.

என் கதையை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீலப் புகை போய்விட்டது. இரகசிய மணியும் போய்விட்டது. கிழவன் இருந்த இடத்தில் ஒரு சிறுமி வந்திருக்கிறாள். அகிற்கட்டை விற்கத் தகப்பனோடு துறைமுகத்துக்கு வந்தவள். எடைக்கல்லில் ஏமாற்றப் பார்க்கும் நம் வணிகனை அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். சோழநாட்டுப் பையன் அவள் மொழியில் ஒரு சொல்லைத் தப்பும் தவறுமாகச் சொல்ல, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மாயம் இல்லாமல் இல்லை. ஆற்றின் முதலை பேசுகிறது; ஆனால் அது எந்த மக்களின் தெய்வமும் அன்று, நானே கட்டிய முதலை. கதை முன்பைவிடச் சுவையாக வந்திருக்கிறது என்று தம்பி சொல்கிறான். கட்டுப்பாடு கற்பனையைக் கொல்லும் என்பாரிடம் அவனைத்தான் சாட்சிக்கு அழைப்பேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அந்தச் சிறுமிக்கு இன்னும் பெயர் இல்லை. காதுக்கு இனிமையாக ஏதேனும் கட்டிவிடலாம். பழைய நான் அப்படித்தான் செய்திருப்பேன். இப்போது அவள் பெயர் வரும் இடங்களிலெல்லாம் கோடிட்டு விட்டிருக்கிறேன். பாலிங் இங்கிருந்து தொலைவில்லை. தேர்வு முடிந்ததும் போய், பேச இசைந்தால், அங்குள்ள மூத்தோரிடம் கேட்பதாக எண்ணம். அவர்கள் சொல்லலாம், சொல்ல மறுக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இவ்வாண்டு மலரைக் கையில் வைத்திருக்கும் தோழர்களே, முன்னாள் மாணவர்களே! உங்களிலும் கடாரத்தைப் பற்றிக் கதை எழுதி வைத்திருப்போர் இருப்பீர்கள். இன்றிரவு அதை எடுத்துப் பாருங்கள். கப்பலில் உள்ளவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கும். கரையில் நிற்பவர்களுக்கு இருக்கிறதா?