நடுரோட்டில் கார் நின்றால் யார் வருவாங்க?

கார் இன்சூரன்ஸ் ரின்யூ பண்ண உட்கார்ந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும். "ரோடு சைடு அசிஸ்டன்ஸ் வேண்டுமா?" பக்கத்திலேயே சில நூறு ரூபாய். அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கிற அண்ணன் "சும்மா காசு புடுங்கறானுங்க" என்று விட்டுவிடுவார். திருமுல்லைவாயலில் இருக்கிற தம்பி "போனா போகுது, ஒரு தைரியத்துக்கு" என்று டிக் பண்ணிவிடுவார். ரெண்டு பேருமே அந்தப் பிளானில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்க மாட்டார்கள். அதுதான் குடும்ப ஒற்றுமை!

பிளான் என்ன செய்யும்? பஞ்சரானால் ஆள் வந்து ஸ்டெப்னி மாற்றுவார். பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட். பெட்ரோல் தீர்ந்தால் கொண்டுவந்து ஊற்றுவார்கள் (பெட்ரோல் காசு பெரும்பாலும் நம்முடையது). எதற்கும் மசியாத வண்டியை இத்தனை கிலோமீட்டர் வரை டோ பண்ணிப் போவார்கள். வருஷத்துக்கு இத்தனை தடவை என்று கணக்கும் உண்டு.

இப்போது ஏரியாவைப் பாருங்கள். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிற கம்பெனி. ஆவடியில் டாங்க்கே செய்கிறார்கள். நடுவில் அம்பத்தூர் எஸ்டேட், தெருவுக்குத் தெரு பட்டறை. பகலில் சி.டி.எச். ரோட்டில் கார் நின்றால் நடக்கிற தூரத்தில் ஒரு பஞ்சர் கடையோ பேட்டரி கடையோ கட்டாயம் இருக்கும். எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் கால் சென்டர்காரருக்கு "டன்லப் ஸ்டாப் தாண்டி லெஃப்ட்ல" என்று புரியவைப்பதற்குள் நம்ம மெக்கானிக் அண்ணன் எக்ஸெல்லில் வந்து பானெட்டைத் திறந்திருப்பார். அவருக்குக் கொடுக்கும் காசு யாரையும் கடனாளி ஆக்காது. தாங்கவே முடியாத நஷ்டத்துக்குத்தான் இன்சூரன்ஸ் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிறார்கள். பஞ்சர் அந்த வகையில் வராது.

அதைவிட முக்கியம், ஏற்கெனவே கையில் இருப்பதைப் பார்ப்பது. புதுக் கார் என்றால் வாரண்டி காலத்துக்குக் கம்பெனியே பல சமயம் இந்தச் சேவையைக் கொடுத்திருக்கும். தம்பி அதே சேவைக்கு ரெண்டாவது தடவை காசு கட்டிக்கொண்டிருக்கலாம். அப்புறம், சாதாரண பேக்கேஜ் பாலிசியிலேயே ஒரு வரி இருக்கிறது: விபத்தில் கார் நகர முடியாமல் போனால் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போகும் செலவில் 1,500 ரூபாய் வரை கம்பெனி கொடுக்கும். இதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆனால் இது விபத்துக்கு மட்டும்; சும்மா மக்கர் பண்ணினால் கிடையாது. தவிர அது கிளெய்ம் கணக்கில் சேரும், நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அஞ்சு வருஷம் கிளெய்ம் பண்ணாதவருக்கு அந்தத் தள்ளுபடி 50 சதவீதம். வெறும் டோவிங் செலவுக்காக அதைத் தொடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 இருக்கிறது. மதுரவாயல் பைபாஸும் பூந்தமல்லி தாண்டிய பெங்களூர் ரோடும் இதில் வரும். டோல் ரோட்டில் ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாம் வைத்திருக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் ஃபாஸ்டாகில் காசு கழிகிறது. ஆனால் அந்தக் கிரேனின் வேலை வண்டியைப் பாதையிலிருந்து ஒதுக்கி விடுவது. வீடு வரை இழுத்து வரும் என்று கனவு காண வேண்டாம்.

இவ்வளவையும் பார்த்தால் அண்ணன்தான் ஜெயித்தார் என்று தோன்றும். முழுசாக இல்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை மாநில அரசுடையது, அதற்கு 1033 கிடையாது. ராத்திரி பதினோரு மணி, நெமிலிச்சேரி தாண்டியாயிற்று, காரில் வயசான அம்மா, டயர் போய்விட்டது. மெக்கானிக் அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பஞ்சர் செலவு எவ்வளவு என்று யாரும் யோசிப்பதில்லை. யாராவது நிச்சயமாக வருவார்களா என்பதுதான் கேள்வி. ஒரு பெண் தனியாக ஓட்டிவந்தால் சொல்லவே வேண்டாம். கார் ஆட்டோமேட்டிக் என்றால் இன்னொரு சிக்கல். பழைய கியர் வண்டியை நாலு பேர் தள்ளினால் செகண்ட் கியரில் கிளம்பிவிடும். ஆட்டோமேட்டிக்கிடம் அந்த ஜம்பம் பலிக்காது. பல மாடல்களையும், எலெக்ட்ரிக் கார்களையும் சக்கரம் தரையில் உருள இழுத்தால் உள்ளே பழுதாகும், ஃப்ளாட்பெட் வண்டிதான் வேண்டும். பிளான் எடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "ஃப்ளாட்பெட் அனுப்புவீங்களா, எத்தனை கிலோமீட்டர் வரை?" என்பதுதான்.

ஆகவே வீடு, ஆபீஸ், மாமியார் வீடு என்று அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவிலேயே சுற்றுகிற கியர் காருக்கு இது தேவையில்லை. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, நாலு வருஷமான பேட்டரியை அது காலை வாருவதற்கு முன்னாடியே மாற்றிவிடலாம். ராத்திரிப் பயணம், ஆட்டோமேட்டிக், அடிக்கடி திருப்பதி, வேலூர் என்றால் டிக் பண்ணலாம். அதுவும் வாரண்டியில் ஏற்கெனவே இல்லையென்று பார்த்துவிட்டு.

ஆனால் வெள்ளத்தை நினைத்து இதை வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொரட்டூர், அம்பத்தூர், ஆவடிப் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்றன. கார் கம்பெனிகள் டோவிங் உதவியை அறிவித்தன. ஆனால் ஊரே ஒரே நாளில் போன் பண்ணினால் எத்தனை டோவிங் வண்டி வரும்? இயற்கைச் சீற்றத்துக்குப் பல பிளான்களில் விலக்கு வேறு. வந்து இழுத்துப் போனாலும் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு அந்தப் பிளான் ஒரு பைசா தராது. அதற்கு இன்ஜின் ப்ரொடெக்‌ஷன் என்று தனி ஆட்‌-ஆன். தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருகிப் பார்த்தால் அந்த கிளெய்மிலும் தகராறு வரும். அதே கடைசிப் பக்கத்தில் இதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதை அண்ணனும் பார்க்கவில்லை, தம்பியும் பார்க்கவில்லை.